கார் நிற்காத கார் ஷெட்



கொஞ்சம் நீண்ட பதிவு. சாயங்காலம் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். 1992 முதல் 2009 வரை நம் மன்னார்குடி வீட்டுக் கார் ஷெட்டில் மாலை வகுப்புக்கு வந்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டும். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. வீட்டில் எங்கே பார்த்தாலும் என் புத்தகங்கள். பரண் நிறைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் நான்கு ட்ரங்குப் பெட்டிகள். "ஒன்று நான் இருக்கணும், இல்லை உங்க புத்தகம் இருக்கணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டார். சரி, கார் ஷெட் சும்மாதானே கிடக்கிறது, அதைத் தடுத்து ஸ்டோர் ரூம் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த ஷெட்டில் இன்றுவரை கார் நின்றதில்லை. நான் கார் வாங்கியதே இல்லை. ஒரு பழைய ஸ்கூட்டர்தான் நின்றது.

1997ல் பத்தாவது முடித்த நம் மாணவர் ஒருவர் இப்போது கட்டடப் பொறியாளர். அவரை வரச் சொன்னேன். டேப் பிடித்து அளந்துவிட்டு, "சார், நகராட்சியில அப்ரூவல் வாங்கின பிளான் இருக்கா?" என்றார்.

"எதுக்குப்பா? என் வீடு, என் ஷெட், என் புத்தகம். நான் ஒரு சுவர் எழுப்பி அலமாரி வைக்கப் போறேன். இதுக்குக்கூட அனுமதியா?"

அவர் சிரித்தார். பிறகு ஷட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பின்னால் சொல்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வரலாற்று ஆசிரியனுக்குத் தூக்கம் வராவிட்டால் என்ன செய்வான்? புத்தகத்தை எடுப்பான். ஒரு மாதம் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கேள்விக்குப் பதில். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ல் வந்தது. அதில் 'மேம்பாடு' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுவது மட்டும் மேம்பாடு இல்லையாம். ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் அதுவும் மேம்பாடுதான். அதாவது ஒரு செங்கல்கூட வைக்காமல், ஒரு அறையில் நடக்கிற வேலையை மாற்றினாலே அது சட்டத்தின் கண்ணில் படக்கூடிய விஷயம். எனக்கு இது புதுச் செய்தி. சுவரைத்தான் சட்டம் பார்க்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்க்கிறது.

ஏன் பார்க்கிறது என்பதற்கு வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லண்டனில் 'மியூஸ்' என்று முடியும் தெருப் பெயர்கள் நிறைய. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் பறவைகள் இறகு உதிர்ப்பதிலிருந்து வந்தது. அரசரின் வேட்டைப் பருந்துகளை இறகு உதிரும் காலத்தில் அடைத்து வைத்த இடம் சேரிங் கிராஸ் பக்கம் இருந்தது. அதுதான் 'மியூஸ்'. 16ஆம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி காலத்தில், அந்த இடம் அரச குதிரை லாயமாக மாறியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு பணக்கார வீடுகளின் பின்பக்கச் சந்துகளில் கட்டிய குதிரை லாயங்களுக்கெல்லாம் அதே பெயர். கீழே குதிரையும் வண்டியும், மேலே வண்டிக்காரர் குடும்பம். 20ஆம் நூற்றாண்டில் குதிரை போய்க் கார் வந்தது. லாயம் கராஜ் ஆனது. பிறகு அந்தக் கராஜ்களையே வீடாக்கினார்கள். இன்று அவை கோடிக்கணக்கில் விலை போகின்றன.

பருந்து, குதிரை, கார், மனிதன். ஒரே இடம் நான்கு வேலை பார்த்திருக்கிறது. நம் ஊரிலும் இப்படித்தான். வில்வண்டி நின்ற கொட்டகையில் அம்பாசடர் நின்றது, பிறகு அதுவே ஜெராக்ஸ் கடை ஆனது. கடைத்தெருப் பக்கம் போனால் எத்தனையோ பார்க்கலாம்.

மாறுவதில் தப்பில்லை. ஆனால் குதிரைக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காருக்குள் பெட்ரோல் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தரையோடு தவழும். மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். தூரத்தில் ஒரு சின்ன நெருப்பு இருந்தாலும் போதும். அதனால்தான் வீட்டோடு ஒட்டிய கராஜுக்கு பல நாடுகளில் தனி விதிகள். பிரிட்டனில் வீட்டிலிருந்து கராஜுக்குள் நேரே கதவு வைத்தால் அது 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். கராஜின் தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கதவு நிலையைவிட 100 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும் என்றும் வழிகாட்டி நூலில் இருக்கிறது. நான்கு அங்குலப் படி! சிந்திய பெட்ரோலும் அதன் ஆவியும் வீட்டுக்குள் ஏறிவிடக் கூடாது என்பதற்காக.

இந்த மாதிரி விதிகள் யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. எட்டாம் வகுப்பில் லண்டன் பெருந்தீ நடத்தினேனே, நினைவிருக்கிறதா? 1666 செப்டம்பர் 2. புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த நெருப்பு. நான்கைந்து நாளில் சுமார் 13,000 வீடுகள் சாம்பல். மறு வருடமே, 1667ல், மறுகட்டுமானச் சட்டம் போட்டார்கள். இனி மரவீடு கூடாது, செங்கல் அல்லது கல்தான். சுவர் இவ்வளவு கனம் இருக்க வேண்டும். வீடு இன்ன வகை, இத்தனை மாடி என்று எழுதி வைத்தார்கள். தீ அணைந்த பிறகுதான் பேனா எடுத்தார்கள்.

சரி, கார் நிறுத்துமிடத்தை ஏன் கட்டாயமாக்கினார்கள்? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923ல், அடுக்குமாடி கட்டுபவர்கள் கார் நிறுத்த இடமும் விட வேண்டும் என்று விதி போட்டது. கார் பெருகி, தெரு அடைத்துக்கொண்ட காலம் அது. பிறகு அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவி நமக்கும் வந்தது. உன் வண்டியை உன் மனைக்குள் நிறுத்து, தெரு எல்லோருக்கும் பொது என்பதுதான் அடிப்படை.

ஆனால் மனிதர்களுக்கு இடம் போதாதபோது காருக்கு ஒதுக்கிய இடத்தில்தான் கை வைப்பார்கள். 1987ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அந்த மாவட்டத்தில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர் அனுமதி இல்லாமல் கராஜ்களில் குடியிருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. பணக்கார நாட்டிலேயே அந்தக் கதி. பிறகு கலிபோர்னியா அரசு என்ன செய்தது தெரியுமா? 2017லும் 2020லும் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் கராஜை முறைப்படி வீடாக்க வழி செய்தது. அப்படி மாற்றும்போது போன கார் இடத்துக்குப் பதிலாக வேறு இடம் காட்டு என்று நகராட்சிகள் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. கார் இடம் போனால் போகட்டும் என்று விட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மனிதன் தீயிலிருந்து தப்ப வழி வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். நம் பக்கத்து நகரமைப்பு வரலாற்றில் எம்டனுக்குக்கூட இடம் உண்டு! பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் நகரமைப்பு பற்றி ஒரு கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார். படங்களும் வரைபடங்களும் ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை 1914 அக்டோபரில் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். மனிதர் சோர்ந்து போகவில்லை. புதிதாகச் சேகரித்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். 1920ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில்தான் 1971ம் வருடச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தது, கீழ்ப்படிதல் வரவில்லை. கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு, பொறியாளர்கள் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். அடுக்குமாடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தரைத்தளத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. காருக்கு என்று சொன்னதால் கிடைத்த சலுகை அது. சலுகையை வாங்கிக்கொண்டு, பிறகு சுவர் எழுப்பிக் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்கு விட்டவர்கள் ஏராளம். 1998ல் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்த அரசு முன்வந்தது. ஒருமுறைச் சலுகை என்ற அளவில் 2000ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒருமுறை என்றது ஒருமுறையோடு நிற்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். 2019ல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. இப்போது நான் கேட்க வேண்டிய அனுமதியும் அதன்படிதான்.

இதெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது தேசியக் கட்டட விதித் தொகுப்பு கைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் வழிகாட்டி நூல். முதல் பதிப்பு 1970, கையில் இருந்தது 2016 பதிப்பு. அதில் கட்டடங்களைப் பயன்பாட்டின்படி ஒன்பது பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் குடியிருப்பு. பி என்றால் கல்வி. இப்படிப் போய் எச் என்றால் பொருள் சேமிப்பு. எச் பிரிவில் கிடங்கும் வருகிறது, கராஜும் வருகிறது, குதிரை லாயமும் வருகிறது. மூன்றும் ஒரே குடும்பம்! பொருள் இருக்கும், ஆள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் கார் ஷெட்டை ஸ்டோர் ரூம் ஆக்குவது பெரிய தாவல் இல்லை. எனக்கு மகிழ்ச்சி.

அப்படியே பி பிரிவையும் புரட்டினேன். பள்ளி என்பதற்கு அங்கே ஒரு எண் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்க 20 மாணவர்களுக்குக் குறையாமல் கூடும் இடம். 20 பேர் கூடிவிட்டால் அது பள்ளி. வெளியேறும் வழி, காற்று, வெளிச்சம், தீத்தடுப்பு எல்லாம் பள்ளிக்கு உரிய அளவில் வேண்டும்.

புத்தகத்தை மூடிவிட்டேன். பொறியாளர் தம்பி ஷட்டரைப் பார்த்துக்கொண்டு கேட்ட கேள்வி இதுதான்: "சார், அன்னைக்கு உள்ளே நாங்க 34 பேர் இருந்தோம் இல்ல?"

எந்த அன்றைக்கு என்று உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறை பழைய மாணவர்கள் கூடும்போதும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்போம். 1996 நவம்பர், ஐப்பசி மழை. கரண்ட் போய்விட்டது. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை முழுக்க இறக்கச் சொன்னது நான்தான். அரிக்கேன் விளக்கு இரண்டு ஏற்றி வைத்து முதல் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினால் வரவில்லை. உள்ளே ஸ்பிரிங் அறுந்துவிட்டது. நான்கு பையன்கள் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. என் மனைவி மழையில் நனைந்துகொண்டே போய் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார். இருபது நிமிடம். அதற்குள் ஒருவன் "எம்டன் வந்துட்டான் சார்" என்று கத்த, சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

இப்போது அந்த அறையை நான் மறுபடி பார்க்கிறேன், வகுப்பு எடுப்பவனாக இல்லாமல். பத்துக்குப் பதினெட்டு அடி. ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சிமென்ட் ஜாலி மட்டும். வெளியே போக ஒரே வழி, அதுவும் அறுந்த ஷட்டர். மூலையில் என் ஸ்கூட்டர். அதன் கார்புரேட்டர் லேசாகக் கசியும், வாசனை வரும் என்று நீங்களே சொல்வீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும் என்று மேலே எழுதினேன் அல்லவா? நீங்கள் தரையில்தான் பாய் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அரிக்கேன் விளக்கும் தரையில்தான் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது நகைச்சுவைக் கதை ஆனது. ஒன்று ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விரும்பவில்லை. 2004 ஜூலை 16. கும்பகோணம். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். ஒரு பள்ளியில் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அன்று ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியில் கூடுதல் வகுப்புக் கொட்டகையைப் பிரித்தபோது கூடவே நின்று மேற்பார்வை பார்த்தவன் நான். கடைசி கீற்று இறங்கும் வரை நின்றேன். அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஷட்டரைத் தூக்கி, வழக்கம்போல வகுப்பு எடுத்தேன். அந்தப் பள்ளிக் கொட்டகையும் என் ஷெட்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறோம், நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அங்கேதான் வகுப்பு நடந்தது.

2024 ஜூலை 27 அன்று டெல்லியில் பழைய ராஜேந்திர நகரில் நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் மூன்று பேர், கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து இறந்துபோனார்கள். அந்த அடித்தளத்துக்கு வாங்கியிருந்த அனுமதி எதற்குத் தெரியுமா? வண்டி நிறுத்தவும் பொருள் வைக்கவும். வரைபடத்தில் இருந்தது கார் ஷெட்டும் ஸ்டோர் ரூமும். உள்ளே இருந்தவர்கள் மாணவர்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்தை நானும் திட்டினேன். நம் வீட்டு ஷெட் அப்போதும் நினைவுக்கு வரவில்லை. பொறியாளர் தம்பி வந்து கேட்ட பிறகுதான் வந்தது.

வரைபடத்தில் ஒரு கட்டத்துக்குள் 'கார்' என்றோ 'ஸ்டோர்' என்றோ எழுதுவது சும்மா பெயருக்கு இல்லை என்று இப்போது புரிகிறது. இந்த இடத்தில் மனிதர் கூட்டமாக இருக்கமாட்டார்கள் என்று நாம் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கை நம்பித்தான் இரண்டாவது கதவு கேட்காமல், ஜன்னல் கேட்காமல் அனுமதி தருகிறார்கள். நான் அந்த வாக்கை 17 வருடம் மீறியிருக்கிறேன். அன்று வந்த அத்தனை பிள்ளைகளிடமும், என்னை நம்பி அனுப்பிய உங்கள் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சிலர் "அதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க சார்" என்று எழுதுவீர்கள். உங்கள் அன்பு தெரியும். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

இனி செய்யப் போவது. பழைய பிளானை பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். 1989ம் வருட ப்ளூ பிரின்ட், மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. தம்பி திருத்திய வரைபடம் போட்டுத் தருகிறார். ஸ்டோர் ரூம் என்று காட்டுவோம். முன்வாசலில் ஒரு கார் நிற்க இடம் இருக்கிறது. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருபவர்களுக்காக அதையும் காட்டி, ஏற்பார்களா என்று நகராட்சியில் கேட்போம். ஏற்காவிட்டால் ஷெட் ஷெட்டாகவே இருக்கட்டும், புத்தகங்களை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். அனுமதி கிடைத்தால் ஷட்டரைக் கழற்றிவிட்டு வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பின்சுவரில் ஒரு ஜன்னல். கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்கூட்டர் எதுவும் உள்ளே வராது. வேலைக்கு வரும் அம்மாவின் பையன் அங்கே படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தான். மாடியில் படுத்துக்கொள், ஃபேனும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பிள்ளை டியூஷன் போகும் இடம், மகள் தங்கியிருக்கும் விடுதி, நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் தரைத்தளம், ஏதாவது ஒன்றை இந்த வாரம் போய்ப் பாருங்கள். இரண்டு கேள்வி போதும். அந்த இடத்தை எதற்காகக் கட்டினார்கள்? கதவு அடைத்துக்கொண்டால் வேறு வழி இருக்கிறதா? பார்த்ததைக் கீழே எழுதுங்கள். நான் எல்லோருக்கும் பதில் போடுவேன், கொஞ்சம் தாமதமானாலும்.

அன்று "எம்டன் வந்துட்டான்" என்று கத்தியவன் யார் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். அவனே வந்து எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்.
(உறவுகளுக்கு: மாமா, பெரியப்பா, தாத்தா, எது பொருந்துமோ அது.)